பேந்தர் இருந்த டவரில் கார்பன் கரு கண்டக்டர்: 110 கே.வி. லைனுக்கு வாங்கலாமா?

தமிழ்நாட்டின் 110 கே.வி. டவர்களில் பல இடங்களில் ஏறியிருப்பது பேந்தர் என்ற அளவு ஏ.சி.எஸ்.ஆர். கண்டக்டர்தான், அதாவது எஃகுக் கருவின்மேல் அலுமினிய இழை முறுக்கிய மின்கம்பி. நடுவில் 3 மி.மீ. தடிமனில் 7 எஃகு இழை, அதன்மேல் அதே தடிமனில் 30 அலுமினிய இழை, மொத்த விட்டம் 21 மி.மீ. கோடை வெயிலில் 75 டிகிரி சூடு வரை விட்டால் ஏறக்குறைய 400 ஆம்பியர் தாங்கும். அது போதாமல் போன இடங்களில் புது டவர் போட வழித்தடம் கிடைப்பதில்லை. வயலிலும் மனையிலும் கால் ஊன்ற யாரும் சம்மதிப்பதில்லை. அதனால், இருக்கிற டவரை அப்படியே விட்டு, பேந்தரை இறக்கிக் கார்பன் கரு கண்டக்டரை ஏற்றும் யோசனை டெண்டருக்கு டெண்டர் வருகிறது. காற்றாலை, சூரிய மின் நிலையம் வைத்திருப்பவர்கள் சொந்தச் செலவில் போடும் லைன்களுக்கும் இதே பொருளை விற்பனையாளர்கள் முன்வைக்கிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருள் நல்ல பொருள். ஆனால் அது எதற்காக விற்கப்படுகிறதோ அதற்காக வாங்கக் கூடாது. "இரண்டு மடங்கு ஆம்பியர்" என்பதுதான் விற்பனைப் பேச்சு. இதன் உண்மையான பலமோ குறைந்த மின்தடையிலும் குறைந்த தொய்விலும் இருக்கிறது. 20 கிலோமீட்டருக்கு உட்பட்ட, நெருக்கடியான லைனுக்கு இது தகும். 40 கிலோமீட்டர் லைனில் ஏற்றினால், கொடுத்த காசுக்குப் பாதிப் பயன்கூட வராது. ஏன் என்பதற்குக் கணக்கு கீழே.

பொருள் என்ன

அமெரிக்காவின் சி.டி.சி. குளோபல் நிறுவனம் ஏ.சி.சி.சி. என்ற பெயரில் கொண்டுவந்த வகை இது. நம் நாட்டுக் கண்டக்டர் ஆலைகளும் இப்போது கருவின்மேல் அலுமினியம் சுற்றித் தருகின்றன. பேந்தருக்கு மாற்றாகப் பெரும்பாலும் பேசப்படும் அளவுக்குக் காசாபிளாங்கா என்று பெயர். விட்டம் 20.5 மி.மீ., அதாவது பேந்தரைவிட அரை மி.மீ. குறைவு. நடுவில் எஃகுக்குப் பதில் 7.11 மி.மீ. கம்பி ஒன்று. உள்ளே எப்பாக்ஸியில் பதித்த கார்பன் இழை, அதைச் சுற்றிக் கண்ணாடி இழை உறை. அந்த உறை அலங்காரத்துக்கு அல்ல. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். இரண்டையும் பிரித்து வைப்பது அந்த உறைதான்.

அலுமினிய இழைகள் உருண்டை இல்லை, சரிவகம். செங்கல் அடுக்கியதுபோல இடைவெளி இல்லாமல் பொருந்துவதால், கிட்டத்தட்ட அதே விட்டத்துக்குள் சுமார் 275 சதுர மி.மீ. அலுமினியம் அடங்குகிறது. பேந்தரில் 212 தான். மேலும் இது பதம் இறக்கிய மென் அலுமினியம். செம்பை 100 என்று வைத்தால் இதன் கடத்துதிறன் 63 சதவீதம். பேந்தரில் இருக்கும் கடின அலுமினியம் 61 சதவீதத்தில் நிற்கும். இரண்டு காரணமும் சேர்ந்து 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 0.139 ஓமாக இருந்த மின்தடை சுமார் 0.102 ஓமாக இறங்குகிறது. எடையும் குறைவு: பேந்தர் கிலோமீட்டருக்கு 974 கிலோ, இது சுமார் 830 கிலோ. முறிவு வலு பேந்தரில் 89.67 கிலோநியூட்டன், இதில் ஏறக்குறைய 100.

கேட்டலாக்கில் "எஃகுக் கரு இல்லாததால் காந்த இழப்பு இல்லை" என்றும் ஒரு வரி இருக்கும். பேந்தருக்கு மாற்றாக வாங்கும்போது அந்த வரிக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். பேந்தரில் அலுமினியம் 12, 18 என்று இரண்டு அடுக்கு. எதிரெதிர்த் திசையில் முறுக்கியிருப்பதால் எஃகுக்குள் உண்டாகும் காந்தப்புலம் ஏறக்குறைய ஒன்றையொன்று தீர்த்துவிடும். மூன்று அடுக்கு உள்ள மூஸ், ஜீப்ரா, ஒரே அடுக்கு உள்ள டாக், ரேபிட் ஆகிய ஏ.சி.எஸ்.ஆர். அளவுகளில்தான் அந்த இழப்பு கணக்கில் வரும்.

இழப்பு: இங்கேதான் காசு திரும்புகிறது

ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். 110 கே.வி., ஒற்றைச் சர்க்யூட், 20 கிலோமீட்டர், பவர் ஃபேக்டர் (மொத்த மின்சாரத்தில் வேலைக்கு உதவும் பங்கு) 0.95, காற்று 40 டிகிரி, வீச்சு நொடிக்கு 0.6 மீட்டர், உச்சி வெயில். 400 ஆம்பியர் ஓடினால் சுமார் 72 மெகாவாட்.

பேந்தர் இந்த ஓட்டத்தில் 75 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டில் அதன் மின்தடை கிலோமீட்டருக்கு 0.17 ஓம். மூன்று ஃபேஸுக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 82 கிலோவாட், 20 கிலோமீட்டருக்கு 1.63 மெகாவாட் வெப்பமாகப் போகிறது. அதே 400 ஆம்பியரில் கார்பன் கரு கண்டக்டர் 67 டிகிரி அளவில்தான் நிற்கும். மின்தடை 0.121 ஓம். இழப்பு 1.16 மெகாவாட். வித்தியாசம் 470 கிலோவாட், அதாவது 29 சதவீதம்.

சுமை வருடம் முழுதும் உச்சத்தில் இருக்காது. இழப்புக் காரணியை (சராசரி இழப்பை உச்ச இழப்பால் வகுத்தது) 0.3 என்று எடுத்தால், வருடத்துக்கு 12 லட்சத்துக்கும் மேல் யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 4 ரூபாய் வைத்தால் ஏறக்குறைய 49 லட்சம் ரூபாய். இது ஒரு ஆம்பியர்கூடக் கூட்டாமல், பழைய சுமையிலேயே வரும் மிச்சம். கண்டக்டரின் விலை பேந்தரைவிட மடங்குக் கணக்கில் அதிகம். அந்த விலை வித்தியாசத்தை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை வருடம் என்று வருகிறதோ, அதை வைத்துத்தான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். ஆம்பியர் கணக்கு அதற்குப் பிறகு.

ஆம்பியரைக் கூட்டினால் என்ன ஆகும்? இந்தக் கண்டக்டரைத் தொடர்ந்து 180 டிகிரி வரை ஓட்டலாம். மேலே சொன்ன வெயிலிலும் காற்றிலும் அந்தச் சூட்டுக்கு 1000 ஆம்பியரைத் தாண்டி வரும். பேந்தரைவிட இரண்டரை மடங்கு. கேட்டலாக் பொய் சொல்லவில்லை. ஆனால் 800 ஆம்பியரிலேயே கண்டக்டர் 115 டிகிரிக்குப் போகிறது. மின்தடை 0.141 ஆகிறது. இழப்பு 5.4 மெகாவாட். அனுப்பும் மின்சாரம் இரண்டு மடங்கு, இழப்போ ஏறக்குறைய 4.7 மடங்கு. ஓட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூட்டால் மின்தடையும் ஏறுவதை அதோடு சேர்க்க மறந்துவிடுகிறோம். 1000 ஆம்பியரில் 20 கிலோமீட்டருக்கு 9.6 மெகாவாட் காற்றில் கரைகிறது. அனுப்புவதில் 5 சதவீதத்துக்கும் மேல். இன்னொரு லைன் விழுந்த அரைமணி நேரத்துக்கு இதைத் தாங்கிக்கொள்ளலாம். தினசரி ஓட்டமாக வைக்க முடியாது.

ரியாக்டன்ஸ் அசையாது

இந்த மதிப்பீட்டில் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். கண்டக்டரை மாற்றினால் மின்தடை மாறும், ரியாக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கு அதன் காந்தப்புலமே போடும் தடை) மாறாது. ரியாக்டன்ஸைத் தீர்மானிப்பது ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே உள்ள தூரமும் கண்டக்டரின் விட்டமும். டவர் அதே டவர், கண்டக்டர் தொங்கும் கிராஸ் ஆர்ம் அதே இடத்தில். விட்டம் 21-க்குப் பதில் 20.5. ஆகவே கிலோமீட்டருக்கு சுமார் 0.4 ஓம் என்பது அப்படியே நிற்கிறது. 20 கிலோமீட்டருக்கு 8 ஓம்.

இதன் விளைவை மின்னழுத்த வீழ்ச்சியில் பார்க்கலாம். பேந்தரில் 400 ஆம்பியருக்கு வீழ்ச்சி 3.6 சதவீதம். கார்பன் கரு கண்டக்டரில் அதே 400-க்கு 3 சதவீதம். கொஞ்சம் நல்லது, அவ்வளவுதான். 800 ஆம்பியரில் 6.5 சதவீதம். 20 கிலோமீட்டரில் இதை டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (சுற்று எண்ணிக்கையை) மாற்றி சமாளிக்கலாம். லைன் 40 கிலோமீட்டர் என்றால் 13 சதவீதம். அந்த முனையில் இருக்கும் துணைமின் நிலையத்துக்கு 110-க்குப் பதில் 96 கே.வி. போய்ச் சேரும். கண்டக்டருக்குச் சூடு தாங்கும் தெம்பு இருக்கும், ஆனால் அந்த ஆம்பியரை ஏற்ற வழியே இருக்காது. வாங்கிய திறன் கம்பத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

ரியாக்டிவ் பவரும் (வேலை செய்யாமல் லைனுக்குள் போய்வரும் மின்சாரம், அளவு எம்.வி.ஏ.ஆர்.) இதே கதை. 400 ஆம்பியரில் இந்த 20 கிலோமீட்டர் லைன் விழுங்குவது 3.8 எம்.வி.ஏ.ஆர். 800-ல் 15.4. லைன் தானாக உற்பத்தி செய்வதோ 0.7 எம்.வி.ஏ.ஆர். மட்டும், அதுவும் மாறாது. மீதி 15 எம்.வி.ஏ.ஆர். எங்கிருந்தாவது வர வேண்டும். முனையில் அதைத் தரும் கெப்பாசிட்டர் பேங்க் வைக்காமல் கண்டக்டரை மட்டும் மாற்றினால், அந்தப் பாரம் அனுப்பும் முனையிலுள்ள 230 கே.வி. டிரான்ஸ்ஃபார்மரின் தலையில் விழும். திட்ட மதிப்பீட்டில் கெப்பாசிட்டருக்கும் அதன் பிரேக்கருக்கும் இடமும் பணமும் ஒதுக்கவில்லை என்றால் அந்த மதிப்பீடு முழுமையானது இல்லை.

சர்ஜ் இம்பீடன்ஸ் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில்: இந்த 110 கே.வி. லைனின் இயல்புச் சுமை (லைன் உற்பத்தி செய்யும் ரியாக்டிவ் பவரும் விழுங்குவதும் சமமாகும் சுமை) 32 மெகாவாட் சுற்றி. கண்டக்டர் மாற்றியும் அது 32 தான். 800 ஆம்பியருக்குரிய 145 மெகாவாட் ஏற்றினால் நான்கரை மடங்கு. குறுகிய தூரத்துக்கு அது பரவாயில்லை. தூரம் கூடக் கூட அந்த மடங்கு குறைந்தே ஆக வேண்டும். பொதுவாக 80 கிலோமீட்டர் வரை லைனைக் கட்டுப்படுத்துவது சூடு, அதற்குமேல் மின்னழுத்தம், 300-ஐத் தாண்டினால் நிலைத்தன்மை என்று பாடத்தில் படிப்போம். அந்த 80 சாதாரணக் கண்டக்டருக்கு. சூடு தாங்கும் வரம்பைத் தூக்கிவிட்டால் மின்னழுத்த வரம்பு அவ்வளவு முன்னதாகவே குறுக்கே வந்து நிற்கும். நீளமான லைனுக்குத் தேவைப்படுவது ரியாக்டன்ஸைக் குறைக்கும் வழி: ஃபேஸுக்கு இரண்டு கண்டக்டர், அல்லது மேல் மின்னழுத்தம். 400 கே.வி. லைன்களில் 450 மி.மீ. இடைவெளியில் இரட்டை மூஸ் போடுவதற்குக் கொரோனாவோடு (கம்பியைச் சுற்றிக் காற்றில் நடக்கும் மின்கசிவு) இதுவும் ஒரு காரணம்.

தொய்வு

இந்த விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும், எஃகு 11.5 பங்கு, கார்பன் கரு 1.6 பங்கு மட்டும்.

300 மீட்டர் ஸ்பேனில் (இரு டவர்களுக்கு இடையே உள்ள தூரம்) பேந்தரை 32 டிகிரியில் 19.7 கிலோநியூட்டன் இழுப்பில் கட்டினால் தொய்வு 5.5 மீட்டர். 75 டிகிரியில் 7 மீட்டர். ஒன்றரை மீட்டர் இறங்குகிறது. பழைய டவர்கள் அந்த 7 மீட்டரை வைத்தே, 110 கே.வி.-க்குத் தரையிலிருந்து இருக்க வேண்டிய 6.1 மீட்டர் இடைவெளியைக் கணக்கிட்டு நிறுத்தப்பட்டவை. பேந்தரைக் கூடுதலாகச் சூடாக்க முடியாததற்குப் பல இடங்களில் இந்த இடைவெளிதான் காரணம்.

கார்பன் கரு கண்டக்டரை அதே இழுப்பில் கட்டினால், எடை குறைவால் ஆரம்பத் தொய்வே 4.7 மீட்டர். சூடு ஏறும்போது அலுமினியம் வேகமாக நீண்டு, ஒரு கட்டத்தில் தன் பாரத்தை முழுதும் கருவிடம் ஒப்படைத்துவிடும். அந்தத் திருப்பப் புள்ளிக்குப் பிறகு நீள்வது கரு மட்டும். அது நீளுவதே இல்லை என்று சொல்லலாம். 180 டிகிரியிலும் பேந்தரின் அந்த 7 மீட்டரைத் தாண்டாது. எவ்வளவு குறைவாக நிற்கும் என்பது, கட்டும்போது அலுமினியம் எவ்வளவு பாரம் சுமந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே டவரில் கிளிப் போட்டுப் பிணைக்குமுன் கொஞ்ச நேரம் கூடுதல் இழுப்பில் நிறுத்தி அலுமினியத்தைத் தளர்த்திவிடச் சொல்லும் முறையை அலட்சியம் செய்ய வேண்டாம். திருப்பப் புள்ளி கீழே இறங்கும், தொய்வு இன்னும் குறையும்.

பனி படியும் நாடுகளில் இந்தக் கருவின்மேல் ஒரு குறை சொல்வார்கள்: எஃகைவிட நெகிழ்வு அதிகம், பாரம் ஏறினால் அதிகம் தொங்கும் என்று. நமக்கு அந்தக் கவலை இல்லை.

காற்றாலைக்காரர்களுக்குத் தனியாக

ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலைப் பக்கம் லைன் வைத்திருப்பவர்கள் வாங்குமுன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஆடிக் காற்றில் மின்சாரம் பொங்கும் அதே நேரத்தில், கண்டக்டரைக் குளிர்விக்கும் காற்றும் அடிக்கிறது. மேலே சொன்ன 400 ஆம்பியர் நொடிக்கு 0.6 மீட்டர் காற்றுக்கு. கண்டக்டருக்குக் குறுக்காக 2 மீட்டர் காற்று அடித்தாலே, அதே பேந்தர் அதே 75 டிகிரியில் 600 ஆம்பியருக்கு மேல் தாங்கும். கண்டக்டரை மாற்றாமல், சூட்டையும் தொய்வையும் அளக்கும் கருவி வைத்து ஓட்டினாலே சில லைன்களுக்குப் போதும்.

ஆனால் திசையைப் பார்க்க வேண்டும். காற்று லைனோடு ஒரே திசையில் ஓடினால் குளிர்விப்பு, குறுக்காக அடிப்பதில் 40 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. லைனும் கிழக்கு மேற்காக ஓடினால் அந்தக் காற்றை நம்பக் கூடாது. சூரிய மின் நிலையத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. உச்சி வெயில், உச்ச உற்பத்தி, பெரும்பாலும் அசையாத காற்று மூன்றும் ஒன்றாக வரும்.

கம்பி இழுக்கும்போது கெடுவதுதான் அதிகம்

கார்பன் கரு கண்டக்டர் லைனில் ஓடிக் கெடுவதைவிட ஏற்றும்போது கெடுவதற்கே வாய்ப்பு அதிகம். பேந்தர் பொறுமையான கம்பி. தரையில் இழுத்தாலும், வரப்பில் உரசினாலும், சின்ன ரோலரில் வளைத்தாலும் மன்னித்துவிடும். இது மன்னிக்காது.

வளைவுக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். கருவின் ஆரம் 3.55 மி.மீ. அதை 600 மி.மீ. விட்ட ரோலரில் முழுதாக வளைத்தால் வெளி விளிம்பில் 3.55-ஐ 300-ஆல் வகுத்த அளவு, 1.2 சதவீதம் நீள்கிறது. வெளியே கண்ணாடி இழை என்பதால் தாங்கும். பேந்தருக்குப் பயன்படுத்திய 300 மி.மீ. ரோலரிலேயே ஏற்றினால் 2.4 சதவீதம். தாங்காது. கார்பன் இழை இழுப்பைவிட அமுக்கத்தில் சீக்கிரம் நொறுங்கும். ஆகவே வளைவின் உள்பக்கத்தில், உறைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் முதல் முறிவு நடக்கும். அலுமினியம் மேலே பளபளவென்றே இருக்கும். அதே கண்டக்டரை ஏற்றி, இழுத்து, கிளிப் போட்டு, மின்சாரமும் கொடுத்துவிடலாம். சூடு ஏறி அலுமினியம் பாரத்தைக் கருவிடம் கொடுக்கும் நாளில்தான் அது விழும். கட்டிய குழு அப்போது வேறு மாவட்டத்தில் இருக்கும்.

அதனால் ரோலர் அளவில் பேரம் கிடையாது. புல்லரிலிருந்து (கம்பியை இழுக்கும் இயந்திரம்) ஏறும் முதல் டவர், டென்ஷனருக்கு (பின்னிருந்து இழுப்பைப் பிடித்து வைக்கும் இயந்திரம்) அடுத்த டவர், கோணம் திரும்பும் டவர்கள் மூன்றிலும் தயாரிப்பாளர் அட்டவணை சொல்லும் பெரிய ரோலர் இருக்க வேண்டும். கோணம் கூடுதல் என்றால் ஒரே ரோலருக்குப் பதில் வரிசை ரோலர். புல்லரையும் டென்ஷனரையும் டவருக்கு மிக அருகில் நிறுத்தினால் கண்டக்டர் செங்குத்தாக ஏறி முதல் ரோலரில் மடங்கும். டவர் உயரத்தைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு தூரம் தள்ளி நிறுத்துவது நல்லது. இடமில்லை என்று சாலையோரத்திலேயே நிறுத்தும் குழுவை அங்கேயே தடுத்துவிட வேண்டும்.

மென் அலுமினியம் எளிதில் கீறல் விழும் அளவுக்கு மெது. தரையில் இழுக்கவே கூடாது. சீமைக் கருவேல முள்ளும் சரளைக் கல்லும் போதும். முழு நீளமும் இழுப்பிலேயே, தரை தொடாமல் போக வேண்டும். பிடிக்கும் கிளாம்பும் நீண்ட இணைத் தாடை உள்ளதாக இருக்க வேண்டும். ஆப்புக் கிளாம்ப் வெளி இழைகளைப் பின்னுக்குத் தள்ளிப் பறவைக் கூண்டுபோல விரித்துவிடும். விரிந்ததைத் தட்டித் தட்டி உட்கார வைக்க முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும்.

டெட் எண்ட் (கண்டக்டரின் முனையை டவரில் கட்டும் பிடி) போடுவது பேந்தரிலிருந்து முற்றிலும் வேறு. பேந்தரில் எஃகுக் குழாயை எஃகுக் கருவின்மேல் வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸால் அமுக்குவோம். இங்கே கருவை அமுக்கினால் நொறுங்கும். பதிலாகக் கலெட் எனப்படும் பிளந்த கூம்பு கருவைக் கவ்வுகிறது. இழுக்க இழுக்க இறுகும். அலுமினியத்தை உரிக்கும்போது இழையை முக்கால் பங்கு மட்டும் அறுத்துவிட்டு, மீதியை முன்னும் பின்னும் அசைத்து ஒடிக்க வேண்டும். ரம்பப் பல் கருவைத் தொட்டால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதே சரி. வெளியே தெரியும் கருவைத் துடைத்து, மெல்லிய எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்தபின் கலெட்டுக்குள் நுழைக்க வேண்டும். கையில் இருந்த கிரீஸ் கருவில் பட்டால் கலெட் வழுக்கும். ஐ போல்ட்டை (வளையத் தலை போல்ட்) டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும், ஸ்பானரும் தோள் பலமும் போதாது. பிறகு வெளி அலுமினிய ஸ்லீவை ஏற்றி, உள்ளே தடுப்புப் பசை நிரப்பி, குறித்த கோடுகளுக்கு வெளியே மட்டும் அமுக்க வேண்டும். கலெட் இருக்கும் நடுப்பகுதியில் பிரஸ்ஸின் டை (அமுக்கும் அச்சு) விழக் கூடாது. அந்தக் கோட்டை அழித்துவிட்டு, பழைய வழக்கத்தில் முழு நீளமும் அமுக்கினால் கலெட் நசுங்கும். இந்த வேலையில் அடிக்கடி நேரக்கூடிய தவறு இதுதான். தயாரிப்பாளரின் ஆள் முதல் சில இணைப்புகளுக்காவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

சஸ்பென்ஷன் கிளாம்பும் (நடு டவர்களில் கண்டக்டரைத் தாங்கும் பிடி) பழையது ஆகாது. ரப்பர் உள்ளீடும் ஆர்மர் ராடும் (கண்டக்டரைச் சுற்றும் காப்புக் கம்பிகள்) கொண்ட வகை, அதுவும் இந்தக் கண்டக்டரின் சூட்டுக்குச் சோதித்ததாக இருக்க வேண்டும். அதிர்வைத் தணிக்கும் டேம்பரை இடம் மாற்றிக் கணக்கிட வேண்டும். எடையும் இழுப்பும் மாறும்போது அதிர்வும் மாறும்.

லைன் மட்டும் மாறினால் போதாது

கண்டக்டர் 800 ஆம்பியருக்குத் தயார். துணைமின் நிலையத்தில் லைன் வந்து சேரும் பேயில் 400-க்கு 1 சி.டி. (ஓட்டத்தை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால்? லைனைப் பிரிக்கும் ஐசொலேட்டர் 800 ஆம்பியர் என்றால் விளிம்பிலேயே நிற்கிறது. ஜம்பரும் (இணைப்புக் கம்பி) பஸ்ஸும் (பொது மின்தண்டு) இன்னும் பேந்தரிலேயே இருந்தால், 115 டிகிரியில் வரும் கண்டக்டர் தன் சூட்டையும் இரண்டையும் இணைக்கும் கிளாம்புக்குள் இறக்கும். ஒரு பேரலல் குரூவ் கிளாம்ப் கருகினால் மொத்த முதலீடும் அந்த ஒரு கிளாம்பில் முடங்கும். டெர்மினல் முதல் டெர்மினல் வரை ஒவ்வொரு உறுப்பின் ஆம்பியரையும் எழுதி, மிகச் சிறிய எண்ணுக்கு வட்டம் போடுங்கள். லைனின் உண்மையான திறன் அதுதான்.

பிழை வந்தால் லைனைத் துண்டிக்கும் ரிலேயையும் மறக்கக் கூடாது. 800 ஆம்பியரில் ஒரு ஃபேஸ் பார்க்கும் சுமை இம்பீடன்ஸ் (மின்னழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தது) 79 ஓம். பேந்தர் காலத்தில் 400 ஆம்பியருக்கு அது 159. அந்தக் காலத்தில் போட்ட டிஸ்டன்ஸ் ரிலேயின் (இம்பீடன்ஸை வைத்துப் பிழையின் தூரத்தைக் கணிப்பது) மூன்றாம் மண்டலம், அதாவது அதிகத் தூரம் பார்க்கும் எல்லை, அகலமாக நீண்டிருந்தால், நல்ல சுமையையே பிழை என்று எடுத்து லைனைத் தள்ளிவிடும். பக்கத்து லைன் விழுந்து சுமை ஏறும் அந்த நேரத்தில், எதற்காக இவ்வளவு செலவு செய்தோமோ அதே நேரத்தில் தள்ளும்.

மற்றவை

கடலோரத்துக்கு இது நல்ல தேர்வு. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் உப்புக் காற்றில் ஏ.சி.எஸ்.ஆர். கண்டக்டரின் கால்வனைசிங் கரைந்து, எஃகும் அலுமினியமும் சேர்ந்து உள்ளே வெள்ளைப் பொடி கட்டும். இங்கே எஃகே இல்லை. ஆனால் லைன் விழுவது இன்சுலேட்டரில் படியும் உப்பால் என்றால் கண்டக்டர் மாற்றி ஒன்றும் ஆகாது. அதற்கு ஊர்வுத் தூரம் (மேற்பரப்பு வழியாக மின்சாரம் கசிய வேண்டிய தூரம்) கூடிய இன்சுலேட்டர் வேண்டும்.

சூடு தாங்கும் பிற வகைகளும் உண்டு. இன்வார் (சூட்டில் அதிகம் நீளாத நிக்கல் எஃகு) கருவும், அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடுவே கிரீஸ் இடைவெளி விட்ட வகையும் ஏற்றும்போது இதைவிடக் கரடுமுரடைத் தாங்கும். ஆனால் மின்தடையில் இதற்கு ஈடில்லை. ஆம்பியர் கூட்ட வேண்டாம், இழப்பும் அரிப்பும் குறைந்தால் போதும் என்பவர்கள் ஏ.எல். 59 என்ற அலுமினிய அலாய்க் கண்டக்டரை முதலில் விலை கேட்கலாம். கரு இல்லை, விசேஷக் கிளாம்ப் இல்லை, பழைய குழுவே கட்டிவிடும். ஆனால் தொய்வு அதிகம். தரை இடைவெளி இருக்கும் லைனுக்கு மட்டும்.

கருவுக்குள் கண்ணாடி ஒளியிழை பதித்து, கட்டி முடித்ததும் ஒளி பாய்ச்சி முறிவைக் கண்டுபிடிக்கும் வகையும் சந்தைக்கு வந்திருக்கிறது. விலை கூடினாலும் அதையே கேளுங்கள். வேறு எந்தச் சோதனையும் உறைக்குள் ஒடிந்த கருவை இவ்வளவு நேரடியாகக் காட்டாது. ஆர்டரில் 20 டிகிரி டி.சி. மின்தடையோடு நிறுத்தாமல், நீங்கள் தினமும் ஓட்டப்போகும் ஆம்பியரில் கண்டக்டர் எத்தனை டிகிரிக்குப் போகும், அந்தச் சூட்டில் ஏ.சி. மின்தடை எவ்வளவு என்று உத்தரவாதம் கேட்டு வாங்குங்கள். விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது அந்த எண்ணிலிருந்து வரும் இழப்பை ரூபாயாக்கி விலையோடு கூட்டுங்கள். கண்டக்டர் சுற்றிய டிரம் வந்து இறங்கியதும் முனையில் ஒரு மீட்டர் வெட்டி, அலுமினியத்தை உரித்து, கருவின் குறுக்குவெட்டைப் பாருங்கள்: நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் இல்லாமல் கறுப்பு ஒரு ஓரம் ஒதுங்கியிருந்தால், அந்த டிரம்மை ஏற்ற வேண்டாம்.